பழைய இரட்டை லென்ஸ் கேமராவை வாங்கும் முன் சோதித்துப் பார்ப்பது எப்படி

பல ஆண்டுகள் ஒருவர் கையில் உழைத்த இரட்டை லென்ஸ் கேமரா ஒன்று விற்பனைக்கு வரும்போது, வாங்க நினைப்பவரின் கண் முதலில் அதன் வெளித்தோற்றத்தின் மீதுதான் விழுகிறது. விளிம்புகளில் கருப்பு வண்ணம் உதிர்ந்து உலோகம் தெரியும். விரல் படும் இடங்களில் தோல் போர்வை வழவழப்பாகியிருக்கும். பெயர்த்தகட்டின் எழுத்துகள் பாதி அழிந்திருக்கும். இவற்றைப் பார்த்ததுமே கேமராவை ஒதுக்கிவிடுவது அவசர முடிவு என்பது என் உறுதியான கருத்து. இவ்வகைக் கேமராக்களின் ஷட்டருக்கும் (ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் பொறி) லென்ஸுக்கும் பெரும் பகை பயன்பாடின்மையே: ஆண்டுக்கணக்கில் இயக்காமல் வைத்த ஷட்டரில் மசகு உலர்ந்து பிசினாகிவிடும், தோல் உறைக்குள் பூட்டிக் கிடந்த லென்ஸில் பூஞ்சை படரும். தேய்ந்த கேமரா குறைந்தபட்சம் இயக்கப்பட்டு வந்திருக்கிறது என்பதற்கு அந்தத் தேய்மானமே சான்று. ஆகவே எந்தத் தேய்மானம் உழைப்பின் அடையாளம், எது விபத்தின் அடையாளம் என்று பிரித்தறிவதுதான் வாங்குபவரின் முதல் வேலை.

அதற்குக் கேமராவின் அமைப்பை ஒருமுறை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரே குவியத் தொலைவு கொண்ட இரண்டு லென்ஸ்கள், பெரும்பாலும் 75 அல்லது 80 மி.மீ. அளவுள்ளவை, ஒரே முகப்பலகையில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கும். மேல் லென்ஸ் வழியாக வரும் ஒளி 45 பாகைச் சாய்வில் உள்ள ஆடியில் பட்டு மேலே உள்ள மங்கல் கண்ணாடித் திரையில் விழுகிறது. அங்கே காட்சி நிமிர்ந்தும் இடவலம் மாறியும் தெரியும். கீழ் லென்ஸ் ஷட்டரின் வழியாக ஃபிலிமில் படத்தைப் பதிக்கிறது. பெரும்பாலான மாடல்களில் ஃபோகஸ் குமிழைத் திருப்பினால் முகப்பலகை முழுவதும் முன்னும் பின்னும் நகர்கிறது. நாம் பார்ப்பது ஒரு லென்ஸ் வழியாக, படம் பதிவது வேறொரு லென்ஸ் வழியாக. எனவே இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதைப் பொறுத்துத்தான் கேமராவின் மதிப்பு நிற்கிறது. மற்ற குறைகளில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யலாம்.

நேரில் பார்க்கப் போவதற்கு முன்

மாடல் எது, எந்த ஃபிலிம் போடுவது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபிராங்கே-ஹைடெக்கே நிறுவனம் 1929-இல் வெளியிட்ட ரோலைஃபிளெக்ஸ்தான் இந்த வடிவத்தை உலகெங்கும் பரப்பியது; அதன் எளிய தம்பியான ரோலைகார்டு 1933-இல் வந்தது. பின்னர் ஜப்பானிலிருந்து யாஷிகா மேட், மினோல்டா ஆட்டோகார்டு, மாமியா சி வரிசை, ரஷ்யாவிலிருந்து லூபிடெல், சீனாவிலிருந்து சீகல் எனப் பலவும் வந்தன. இவற்றில் மிகப் பெரும்பான்மை, கோடாக் 1901-இல் அறிமுகப்படுத்தி இன்றும் தயாரிக்கப்பட்டு வரும் 120 ஃபிலிமைப் பயன்படுத்துபவை. ஒரு சுருளில் 6×6 செ.மீ. அளவில் 12 படங்கள் கிடைக்கும். ஆனால் சில பழைய மாடல்கள் 620 சுருளுக்காகச் செய்யப்பட்டவை. அதில் ஃபிலிமின் அகலம் 120-இன் அகலமே என்றாலும் சுருளின் தண்டும் விளிம்பும் சிறியவை. 120 சுருளை அப்படியே உள்ளே பொருத்த இயலாமல் போகலாம். மிகத் தொடக்கக் காலத்து ரோலைஃபிளெக்ஸ் 117 என்ற வேறொரு சுருளுக்கானது. எனவே பின்கதவைத் திறந்து உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். ஃபிலிமைச் சுற்றிக்கொள்ளும் காலிச் சுருள் உள்ளே இருக்கிறதா என்பதும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் விற்பவரிடம் சொல்லிவைக்க வேண்டும்: நீங்கள் வரும்வரை ஷட்டரை இயக்கிப் பார்க்காமல் அப்படியே வைத்திருக்கட்டும். மசகு உலர்ந்த ஷட்டர் முதல் இயக்கத்தில் திணறும். பத்துப் பதினைந்து முறை இயக்கியதும் தற்காலிகமாக இளகி, ஒழுங்காக வேலை செய்வதுபோல் தோன்றும். சில வாரங்கள் கழித்து மீண்டும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆகவே ஷட்டரின் உண்மை நிலையை முதல் இயக்கமே காட்டும்.

கையில் ஒரு சிறு டார்ச், ஒரு உருப்பெருக்கி, ஏறத்தாழ 6 செ.மீ. அகலமுள்ள மங்கல் கண்ணாடித் துண்டு, பூட்டு வசதியுள்ள கேபிள் ரிலீஸ் (ஷட்டரை இயக்கும் கம்பி), வீணானாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய காலாவதியான 120 சுருள் ஒன்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசி எப்படியும் உடன் இருக்கும்.

வெளிப்புறம்

வண்ணத் தேய்மானத்தை விட்டுவிட்டு, அடிபட்ட தடயங்களைத் தேடுங்கள். உடலின் மூலைகளில் நசுங்கல் இருந்தால் கேமரா கீழே விழுந்திருக்கிறது என்று பொருள். அப்போது உடனே முகப்பலகையைப் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். முகப்பலகைக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி நான்கு பக்கமும் சீராக இருக்க வேண்டும். குமிழை முழுவதுமாகத் திருப்பி முகப்பலகையை வெளியே கொண்டுவந்த நிலையிலும் அது மாறக்கூடாது. இந்தப் பலகை சற்றே கோணினாலும் படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் பதியும். அதைச் சீராக்குவது அளவுக் கருவிகள் வைத்திருக்கும் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரால் மட்டுமே ஆகக்கூடியது.

திருகாணிகளின் தலைகளைக் கூர்ந்து பாருங்கள். அவற்றின் வெட்டுகள் சிதைந்திருந்தால், பொருத்தமற்ற கருவியுடன் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். நல்ல கைகள் திறந்து மூடிய கேமராவில் அந்தத் தடயம் தெரியாது. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் இடுக்கி பட்ட கீறல்கள் இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்: முன் லென்ஸைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சரியான இடத்தில் திரும்ப வைக்காமல் விட்டிருக்கலாம்.

மேல் மூடியைத் திறந்து, நான்கு தகடுகளும் நேராக நிற்கின்றனவா, உருப்பெருக்கி தடையின்றி எழும்புகிறதா என்று பாருங்கள். பின்கதவின் கீல் தளர்ந்திருக்கக் கூடாது. பூட்டு உறுதியாக விழ வேண்டும். ஒளி புகாதபடி ஃபோம் ஒட்டிய மாடல்களில் அந்த ஃபோம் நாளடைவில் பிசுபிசுத்து உதிரும். அதை மாற்றுவது எளிய வேலை, அதற்காக வாங்குவதைக் கைவிட வேண்டியதில்லை. கதவைத் திறந்தவுடன் உள்ளே புழுங்கிய வாடை அடித்தால் லென்ஸைச் சோதிக்கும்போது கூடுதல் கவனம் வையுங்கள்.

லென்ஸ்கள்

கீழ் லென்ஸைப் பார்க்கச் சரியான வழி இது: பின்கதவைத் திறந்து, அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துவாரம்) முழுவதும் திறந்து, ஷட்டரை பி நிலையில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்துக் கேபிள் ரிலீஸால் திறந்தபடி பூட்டுங்கள். முன்புறமிருந்து டார்ச் ஒளியைச் சற்றுச் சாய்வாகப் பாய்ச்சி, பின்புறமிருந்து லென்ஸின் உள்ளே பாருங்கள். பிறகு பக்கங்களை மாற்றிப் பாருங்கள். இந்த வெளிச்சத்தில் எந்தப் பழைய லென்ஸிலும் சில தூசித் துகள்கள் மின்னும். அவை படத்தைக் கெடுப்பதில்லை. கவலைப்பட வேண்டியவை நான்கு.

கண்ணாடிப் பரப்பில் மெல்லிய நூலிழைகள் கிளைவிட்டுப் பரவியிருந்தால் அது பூஞ்சை. தொடக்க நிலையில் துடைத்து நீக்கலாம். நாட்பட்டதாக இருந்தால் பூச்சையும் கண்ணாடியையும் அரித்து நிரந்தரத் தடம் விட்டிருக்கும். லென்ஸ் முழுவதும் வெண்மையான மென்படலம் தெரிந்தால் அது உள்பரப்பில் படிந்த மங்கல். பெரும்பாலும் துடைத்தால் போய்விடும் என்றாலும், துடைக்காதவரை படங்கள் வெளிறி, ஒளி-இருள் மாறுபாடு குன்றி இருக்கும். விளிம்பிலிருந்து உள்நோக்கி வானவில் நிறங்களோ குமிழ் போன்ற திட்டுகளோ தெரிந்தால், ஒட்டிவைத்த இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன. இதைச் சரிசெய்ய ஆகும் செலவு பல வேளைகளில் கேமராவின் விலையைத் தாண்டிவிடும். நான்காவது, முன் கண்ணாடியில் துடைத்துத் துடைத்து விழுந்த நுண்கீறல்கள். ஆழமான ஒரு கீறல் பெரும்பாலும் படத்தில் தெரிவதில்லை. ஆனால் பரப்பு முழுவதும் பரவிய நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள் எதிர்வெளிச்சத்தில் படத்தை மங்கச் செய்யும். இந்த வேறுபாட்டைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஒற்றைக் கீறலுக்கு அஞ்சி நல்ல கேமராவை விட்டுவிடுகிறார்கள்.

மேல் லென்ஸில் உள்ள குறை எதுவும் ஃபிலிமைத் தொடாது. திரை போதுமான வெளிச்சத்துடன் தெரிந்தால் போதும். திரை மங்கியிருந்தால் பெரும்பாலும் காரணம் ஆடியாக இருக்கும்: அதன் வெள்ளிப்பூச்சு முன்பரப்பிலேயே இருப்பதால் காற்றுபட்டு மங்கும், துணியால் துடைத்தால் கீறி உரிந்துவிடும். புதிய ஆடி வெட்டிப் பொருத்தலாம். ஆனால் பொருத்திய பின் மேல் லென்ஸின் ஃபோகஸை மீண்டும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

ஷட்டர்

முதலில் ஒரு நொடி வேகத்தில் வைத்து இயக்குங்கள். பற்சக்கரங்கள் ஒரே சீராகச் சுழலும் ஒலி கேட்டு, முடிவில் தெளிவாக மூடும் ஒலி வர வேண்டும். நடுவில் இழுத்தாலோ நின்றாலோ மசகு உலர்ந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு வேகமாக மேலே செல்லுங்கள். 1/500 நொடி உள்ள சில பழைய ஷட்டர்களில் அந்த வேகத்துக்கென்று தனியாக ஒரு வலிய சுருள்வில் உண்டு. ஷட்டரைத் தயார்நிலைக்கு இழுத்த பின்னர் அந்த வேகத்துக்கு மாற்றினால் உள்ளே சேதம் நேரலாம் என்பதால், இழுப்பதற்கு முன்பே வேகத்தை அமைத்துவிடுங்கள். எம், எக்ஸ், வி என்று குறியிட்ட நெம்பு இருந்தால் அதை எக்ஸ் நிலையிலேயே விட்டுவிடுங்கள். எம், எக்ஸ் இரண்டும் ஃபிளாஷுக்கானவை; வி என்பது சற்று நேரம் கழித்துத் தானே படமெடுக்கும் தானியங்கித் தாமதம்; பழைய கேமராக்களில் அது நடுவழியில் சிக்கி ஷட்டரையே பூட்டிவிடுவது உண்டு. விற்பவர் வற்புறுத்தினாலும் அதைத் தொட வேண்டாம்.

காது ஓரளவுக்குத்தான் உதவும். நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுஇயக்கக் காணொளி வசதி கைப்பேசியில் இருந்தால், கேமராவை வெளிச்சமான சுவரை நோக்கி வைத்து, திறந்த பின்புறம் வழியாக ஷட்டரைப் பதிவு செய்யுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் படங்களை எண்ணினால், ஒரு நொடிக்கு ஏறக்குறைய 240, 1/8 நொடிக்கு 30, 1/30 நொடிக்கு 8 வர வேண்டும். அதற்கு மேற்பட்ட வேகங்களை இம்முறையில் நம்பகமாக அளக்க இயலாது. நெகடிவ் ஃபிலிமில் அரை ஸ்டாப் வேறுபாடு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) பொருட்டே அல்ல; ஸ்லைடு ஃபிலிம் பயன்படுத்துவோருக்கு மட்டுமே அது தொல்லை. பதிவைப் பார்க்கும்போதே ஷட்டர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிகிறதா, அபெர்ச்சர் இதழ்கள் தயங்காமல் விரிந்து சுருங்குகின்றனவா என்றும் கவனியுங்கள்.

ஃபோகஸ் ஒத்துப்போகிறதா

இந்தச் சோதனைக்குத் தயங்காமல் நேரம் ஒதுக்குங்கள். மற்றவற்றைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கக் கூடாது. முதலில் ஃபோகஸ் குமிழ் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுவையில் நகர்கிறதா, ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் கேமராவை அசையாத ஓரிடத்தில் வைத்து, பின்கதவைத் திறந்து, மங்கல் கண்ணாடித் துண்டின் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி ஃபிலிம் தண்டவாளங்களின் மீது பொருத்துங்கள். இரண்டு ஜோடித் தண்டவாளங்கள் உள்ள கேமராக்களில் ஃபிலிம் உட்கார்வது உள் ஜோடியின் மீது. கண்ணாடியும் அங்கேதான் உட்கார வேண்டும். ஷட்டரை பி நிலையில் திறந்து பூட்டி, அபெர்ச்சரை முழுவதும் திறந்துவிடுங்கள்.

பல நூறு மீட்டர் தொலைவில் உள்ள கோபுரத்தையோ மரத்தையோ நோக்கி, குமிழை முடிவிலிக் குறியில் நிறுத்துங்கள். மேல் திரையையும் பின்னால் வைத்த கண்ணாடியையும் உருப்பெருக்கியால் பாருங்கள். இரண்டிலும் காட்சி கூர்மையாக இருக்க வேண்டும். அடுத்து மூன்று மீட்டர் தொலைவிலும், பிறகு கேமராவால் முடிந்த மிகக் குறைந்த தொலைவிலும், அதாவது பெரும்பாலானவற்றில் ஏறத்தாழ ஒரு மீட்டரில், மேல் திரையில் ஃபோகஸ் செய்து பின்கண்ணாடியைச் சரிபாருங்கள்.

முடிவிலியில் கீழ் லென்ஸ் கூர்மையாகவும் மேல் திரை மங்கலாகவும் இருந்தால், மேல் லென்ஸ் மட்டும் இடம் பெயர்ந்திருக்கிறது, அல்லது திரையை யாரோ தலைகீழாக வைத்திருக்கிறார்கள். இது சிறிய திருத்தம், விலையைக் குறைத்துக் கேட்க நியாயமான காரணம். மேல் திரை தொலைவு அளவுகளுடன் பொருந்தி, கீழ் லென்ஸ் மட்டும் எங்குமே கூர்மை காட்டாவிட்டால், கண்ணாடிகளைக் கழற்றியவர் தவறாகப் பொருத்தியிருக்கலாம். பின்கண்ணாடியில் இடப்பக்கம் கூர்மையாகவும் வலப்பக்கம் மங்கலாகவும், அல்லது மேலும் கீழும் அவ்வாறே தெரிந்தால் முகப்பலகை கோணியிருக்கிறது. அந்தக் கேமராவை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

ஃபிலிம் நகர்வும் பிறவும்

காலாவதியான சுருளைப் பொருத்தி, 12 படங்களுக்கும் சுற்றிப் பாருங்கள். ரோலைஃபிளெக்ஸ் ஆட்டோமேட் வகைகளில் ஃபிலிமின் தாள்முனையைக் கீழே உள்ள இரண்டு உருளைகளின் நடுவே செலுத்த வேண்டும். அந்த உருளைகள் தாளின் கனம் கூடுவதை உணர்ந்து தாமாகவே எண்ணத் தொடங்கும். அவற்றுக்கு மேலாகப் போட்டால் படங்களை எண்ணும் கருவி நகராது. அதைக் கேமராவின் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. மற்ற பல கேமராக்களில் தாளிலுள்ள அம்புக்குறியை உடலிலுள்ள புள்ளியுடன் நேராக வைத்துக் கதவை மூடினால் போதும். ஒவ்வொரு படத்துக்கும் கைப்பிடி உறுதியாக நிற்கிறதா, ஷட்டர் தயாராகிறதா என்று கவனியுங்கள். கதவின் உட்புறம் உள்ள அழுத்தத் தகடு 120-க்கான நிலையில் இருக்க வேண்டும். யாஷிகா மேட் 124 ஜி போன்றவற்றில் 120-ஐவிட இரு மடங்கு நீளமான 220 ஃபிலிமுக்கான நிலையும் உண்டு.

ஒளிமானி வேலை செய்கிறதா என்பதற்கு நான் அதிக மதிப்பளிப்பதில்லை. மின்கலமின்றி இயங்கும் செலினியம் மானிகள் வயதாகி வலுவிழந்திருக்கும். 124 ஜி-யின் மானி 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காக அமைக்கப்பட்டது, அத்தகைய மின்கலங்கள் இப்போது கிடைப்பதில்லை, 1.5 வோல்ட் மின்கலம் அதே அளவு காட்டாது. கைமானியோ கைப்பேசிச் செயலியோ இருந்தால் போதும். மானி ஓடுவதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

சில மாடல்களுக்கே உரிய பலவீனங்கள் உண்டு. மினோல்டா ஆட்டோகார்டில் ஃபோகஸ் நெம்பு லென்ஸுக்கு அடியில் இருக்கிறது. கிரீஸ் இறுகியிருக்கும்போது அழுத்தித் தள்ளினால் அது முறிந்துவிடும், ஆகவே விறைப்பாக இருந்தால் பலம் காட்டாதீர்கள். மாமியா சி வரிசையில் லென்ஸ் இணைகளை மாற்றலாம், ஃபோகஸ் துருத்தி மூலம் நடக்கிறது. துருத்தியின் மடிப்பு முனைகளில் ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்று இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்துப் பாருங்கள். லூபிடெலில் இரண்டு லென்ஸ்களும் விளிம்புப் பற்களால் இணைக்கப்பட்டுச் சுழல்கின்றன. பற்கள் ஒன்று நகர்ந்து பொருந்தியிருந்தாலும் ஃபோகஸ் தவறும்.

சோதனைச் சுருள்

எல்லாம் சரியாகத் தோன்றினாலும், ஒரு சுருள் எடுத்துக் கழுவிப் பார்க்கும்வரை திருப்பித் தரும் உரிமை வேண்டும் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரிடம் பேசி, அதற்கான கெடுவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்திறன் அளவு) கருப்பு வெள்ளைச் சுருள் இதற்கு ஏற்றது.

முதல் படம், மிகப் பெரிய அபெர்ச்சரில் முடிவிலியில். இரண்டாவது, முக்காலியில் கேமராவை நிறுத்தி, செய்தித்தாள் ஒன்றைச் சாய்வாக விரித்து, நடுவில் ஒரு வரியைக் குறித்து அதில் ஃபோகஸ் செய்து, மிகக் குறைந்த தொலைவில் மிகப் பெரிய அபெர்ச்சரில். அடுத்த ஐந்தும் ஒரே காட்சி (எஃப் எண் கூடக் கூட அபெர்ச்சர் சிறுக்கும்): மெல்லிய மேகமூட்டத்தில் எஃப் 4-இல் 1/500, எஃப் 5.6-இல் 1/250, எஃப் 8-இல் 1/125, எஃப் 11-இல் 1/60, எஃப் 16-இல் 1/30. இவை ஐந்தும் ஃபிலிமுக்கு ஒரே அளவு ஒளியைத் தருபவை என்பதால் நெகடிவ்களின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எட்டாவது படத்தைச் சூரியனுக்கு எதிராகவும், ஒன்பதாவதை செங்கல் சுவர் போன்ற சமதளத்தை நேராக நோக்கியும் எடுங்கள். மிச்சமுள்ள மூன்றையும் வெயிலில் சற்று நேரம் கேமராவை வைத்திருந்து, பிறகு எடுங்கள்.

கழுவிய சுருளை வெட்டாமல் முழு நீளமாகப் பாருங்கள். படங்களுக்கு இடையிலான வெற்றிடம் சீராக இருந்தால் சுற்றும் பொறி நலம். சற்று ஏறக்குறைய இருந்தாலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவரை பயன்படுத்தலாம். செய்தித்தாள் படத்தில் குறித்த வரிக்கு முன்னோ பின்னோ கூர்மை தள்ளிப்போயிருந்தால் மேல் லென்ஸைச் சரிசெய்ய வேண்டும். செங்கல் சுவரின் நான்கு மூலைகளும் ஒன்றுபோல் இல்லையென்றால், சுவருக்கு நேராகக் கேமரா நின்றதா என்பதை உறுதிசெய்து மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே வந்தால் முகப்பலகைதான் காரணம், கெடு முடிவதற்குள் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெயிலில் வைத்து எடுத்த படங்களில் மட்டும் கருங்கீற்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ஒளி புகும் வழி கதவில் இருக்கிறது. சுருளின் இரு ஓரங்களும் நீளமாகக் கருத்திருந்தால் சுருள் தளர்வாகச் சுற்றப்பட்டிருக்கிறது. நீளவாக்கில் நேர்க்கோடாகக் கீறல் ஓடினால் உருளைகளையும் அழுத்தத் தகட்டையும் மென்துணியால் துடைத்துவிட்டு அடுத்த சுருளைப் போடுங்கள்.